ஐஸ் வைத்து அனுப்பிய இரத்தம்

எங்கள் வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போகாமல் இருக்க ஒரே வைத்தியம்தான் தெரியும். ஐஸ் போடுவது. குருநகரில் கடலோடு ஒட்டிய ஒழுங்கைகளில் பிறந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். பாரை மீனானாலும் சரி, இறாலானாலும் சரி, வெளியூரிலிருந்து மகன் வரும்வரை காத்திருக்கும் பிரேதமானாலும் சரி, முதலில் ஐஸுக்குத்தான் ஆள் ஓடும். இந்த வழக்கத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு நான் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுதுகிறேன். எழுதினால் பாரம் குறையும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா, அண்ணை, நான். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அன்றிலிருந்து வீடு அண்ணையின் தலையில் விழுந்தது. பதினாறு வயதில் படகேறியவர் பள்ளிக்கூடப் பக்கம் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. என்னை மட்டும் விடாமல் படிப்பித்தார். ரியூட்டரிக்குச் சைக்கிளில் ஏற்றிப்போய் இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை வெளியே மதிலில் சாய்ந்துகொண்டு நிற்பார். அவரில் அடிக்கும் மீன் வாடைக்கு என் கூட்டாளிகள் மூக்கைச் சுளிப்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சுளித்திருக்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் எடுத்து, இரண்டு முறையும் கோட்டை விட்டேன். அண்ணை ஒரு சொல் ஏசவில்லை. அதற்குள் எனக்குச் சீதனமாகக் கொடுக்க இரண்டு அறையும் குசினியுமாக ஒரு கல்வீடு கட்டத் தொடங்கியிருந்தார். தன் கலியாணப் பேச்சையே எடுக்க விடமாட்டார். தங்கையைக் கரைசேர்க்காமல் தமையன் மாலை மாற்றுவதா? எங்கள் பக்கத்து ஆண்களுக்கெல்லாம் உள்ள பிடிவாதம்தான்.

எண்பத்தைந்தில் அவருடைய முகம் காலையில் ஊதத் தொடங்கியது. அப்போது கடலுக்குப் போகத் தடை. கரையில் சும்மா கிடந்து நித்திரை கொள்வதால்தான் ஊதுகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கால் வீங்கியது. சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்றார்கள். அவருக்கு இருபத்தெட்டு வயது.

எங்களுக்கு வாய்த்த டொக்டர் நிதானமாகக் கதைக்கிற மனிதர். "கொழும்பிலை இப்ப வேறை கிட்னி வைக்கினம். வீட்டு ஆக்கள் ஆராவது ஒண்டு குடுக்கவேணும்" என்றார்.

அம்மா அவரை முடிக்கவே விடவில்லை. "என்ரையை எடுங்கோ டொக்டர். ரெண்டையும் எடுத்தாலும் சரி."

அம்மாவும் அண்ணையும் கொழும்புக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். முடிவு யாழ்ப்பாணத்து டொக்டருக்கு வந்து சேர்ந்தது. அவர் எங்கள் மூன்று பேரையும் இருத்தி, மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் கோடு கீறிக் காட்டினார்.

"ஒவ்வொருத்தருக்குள்ளையும் ரெண்டு கயிறு இருக்கெண்டு நினையுங்கோ. ஒண்டு தாயிட்டை இருந்து வந்தது, மற்றது தேப்பனிட்டை இருந்து. வைக்கிற கிட்னியை உடம்பு தன்ரை எண்டு எடுக்குமோ, பிறத்தி எண்டு தள்ளுமோ எண்டது இந்தக் கயிறுகளிலைதான் கிடக்கு. அம்மாவின்ரை கயிறு ஒண்டு மகனிட்டை இருக்கு. மற்றது இல்லை. தாய் எப்பவும் பாதிதான்."

அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "நான் பெத்த பிள்ளை டொக்டர். பத்து மாதம் வயித்திலை சுமந்தனான். அதென்ன பாதி?"

"பெத்தபடியால்தான் அம்மா பாதி. சகோதரங்கள் எண்டால் வேறை கணக்கு. ரெண்டு கயிறும் ஒத்து வரலாம். ஒண்டு மட்டும் வரலாம். ஒண்டுமே வராமலும் போகலாம். நாலுக்கு ஒண்டு முழுசாய் ஒத்து வரும். அப்பிடி வந்தால் அதைவிட நல்லது வேறை இல்லை. கிட்னி கனகாலம் நிக்கும், குளிசையும் குறையத்தான் தேவைப்படும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தார். அண்ணை மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இந்தக் கணக்குத் தெரியாததல்ல. நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் வைத்து நாலு கட்டப் பெட்டி கீறிக் கீறி ரியூட்டரியில் கை வலித்திருக்கிறது. பரீட்சையில் பிழைவிட்ட கணக்கு இப்போது என் இடுப்புக்குள் வந்து குந்திக்கொண்டது.

அந்த நேரத்தில் எனக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை கந்தோரில் எழுதுவினைஞர். கடலுக்குப் போகாத மாப்பிள்ளை என்று ஒழுங்கை முழுக்க அம்மா சொல்லிப் பெருமைப்பட்டிருந்தார். விசயம் எப்படியோ மாப்பிள்ளையின் தாயின் காதுக்குப் போய்விட்டது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் வைத்து என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை, அண்ணைக்கு உதவி செய்யத்தான் வேணும். நான் குறுக்கை நிக்கேல்லை. ஆனால் ஒத்தைக் குண்டிக்காயோடை வாற பொம்பிளை ஒரு பிள்ளையைப் பெத்தெடுப்பாளோ எண்டு என்ரை மகனுக்காண்டி நான் யோசிக்கவேணுமெல்லே?"

குரலை உயர்த்தவில்லை. என் கையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யாரிடம் சொல்வது? அண்ணை என்னிடம் கேட்கவே இல்லை. "உனக்கு விருப்பமெண்டால் சோதிச்சுப் பார் பிள்ளை. இல்லாட்டி விடு. அம்மாவின்ரை இருக்குத்தானே" என்று மட்டும் சொன்னார். அப்படிச் சொல்கிறவரிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சண்டை பிடித்துக் கேட்டிருந்தால் சண்டை பிடித்து மறுத்திருப்பேன். கத்திக்கும் பயம், மாமியாகப் போகிறவருக்கும் பயம். எல்லாவற்றையும் விட, கலியாணம் குழம்பிய பெட்டை என்று ஒழுங்கையில் பேர் வாங்கப் பயம். உண்மையைச் சொல்கிறேன், அண்ணை செத்துப்போகக்கூடும் என்பதைவிட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. வயதைச் சாட்டாகச் சொல்ல வரவில்லை.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஒரு குமர்ப்பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்ப அம்மா ஒத்துக்கொள்ளமாட்டார். அதனால் என் இரத்தத்தை யாழ்ப்பாணத்தில் எடுத்து, அண்ணை கிளினிக்குக்குப் போகும்போது ரயிலில் கையோடு கொண்டுபோவது என்று ஏற்பாடு. டொக்டர் மூன்று கண்ணாடிக் குழாய்களை என் கையில் தந்தார்.

"கவனம். இதுக்கு ஐஸ் வைக்கக் கூடாது. உள்ளை இருக்கிற வெள்ளை அணுக்கள் உயிரோடை போய்ச் சேரவேணும். குளிர் பட்டால் செத்துப்போம், பிறகு ஒண்டும் பாக்கேலாது. பஞ்சிலை சுத்தி வெறும் பிளாஸ்க்கிலை வைச்சு அனுப்பும்."

அண்ணை வெளியே சைக்கிளோடு நின்றார். இதைக் கேட்டது நான் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்து குழாய்களைப் பஞ்சில் சுற்றி மேசையில் வைத்தேன். அம்மா அண்ணைக்கு வழியில் சாப்பிட உப்பில்லாத சோறு கட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வெக்கைக்குக் கொழும்பு போய்ச் சேரமுந்திக் கெட்டுப்போகுமெல்லே" என்றார். நான் பதில் சொல்லுமுன் சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு ஐஸ் பக்டரிக்கு ஓடிவிட்டார். ஒரு கட்டியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, முற்றத்தில் வைத்து உலக்கையால் உடைத்தார். பிளாஸ்க்கின் அடியில் ஒரு படை ஐஸ், நடுவில் குழாய்கள், மேலே வாய்வரை இன்னொரு படை. மீன்பெட்டி அடுக்குகிற அதே கைத்திறம். நான் பக்கத்தில்தான் நின்றேன். 'வேண்டாம் அம்மா' என்று இரண்டு சொல். வாயைத் திறந்தேன், பிறகு மூடினேன். அம்மா பிளாஸ்க்கை நீட்டியபோது வாங்கி, மூடியை இறுக்கித் திருகினேன்.

அண்ணை நாலாம் நாள் திரும்பி வந்தார். சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். "அந்தச் சிங்கள டொக்டர் மூடியைத் திறந்து பாத்திட்டு, இதென்ன எனக்கு மீனோ கொண்டந்தனீர் எண்டு கேட்டார். நான் சொன்னன், நாங்கள் மீன்பிடிக்கிற ஆக்கள் ஐயா, எங்களுக்கு வேறை ஒண்டும் தெரியாதெண்டு." அணுக்கள் எல்லாம் செத்துவிட்டன, ஒன்றும் பார்க்க முடியவில்லை. கதை ஒழுங்கை முழுக்கப் பரவி, மீனவர் சங்கத்தில் அண்ணையைக் கண்டவர்கள் எல்லாம் ஐஸ் வேணுமோ என்று பகிடி பண்ணினார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. டொக்டர் ஒன்றும் சொல்லவில்லையா என்று என்னிடம் கேட்டார்.

"சொன்னவர் அம்மா. மறந்துபோனன்."

"கலியாண யோசினை" என்று அம்மாவே எனக்காகச் சாட்டுச் சொன்னார். "அவள் சின்னப்பிள்ளை. நான் கேட்டிட்டெல்லோ அள்ளிப் போட்டிருக்கவேணும்."

மறுபடியும் இரத்தம் எடுக்க நாள் குறித்தார்கள். அதற்குள் எங்கோ தண்டவாளம் உடைந்து ரயில் நின்றது. அண்ணைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இனிப் பொறுக்க முடியாது, தாயினுடையதை வைப்போம் என்று கொழும்பிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அம்மாவும் அண்ணையும் பஸ்ஸில் போனார்கள். வாசலில் நின்று கையசைத்தபோது எனக்குள் ஒரு ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மூன்று மாதத்தில் இருவரும் திரும்பினார்கள். அம்மாவின் விலாவில் தொடங்கி வயிறுவரை ஒரு தழும்பு. வருகிற பெண்களுக்கெல்லாம் சட்டையை உயர்த்திக் காட்டுவார். அண்ணை சலம் போவதையே ஒரு கெட்டித்தனம்போலப் பகிடியாகச் சொல்லுவார். "அம்மாவின்ரை கிட்னியெல்லே, விடியக்காலமை ஆறு மணிக்கே என்னை எழுப்பிப்போடும்." நான் மனதுக்குள் கணக்கை மூடிவிட்டேன். பாதி ஒத்தாலும் போதும்தானே, பார், ஆள் நடக்கிறார். அடுத்த வருடம் சீதன வீட்டுக்குக் கூரை போட்டு, என் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போனவர் அவர்தான்.

குளிசையை மட்டும் ஒருநாளும் விடக்கூடாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அண்ணையின் உடம்புக்கு அம்மாவின் ஒரு கயிறுதான் தன்னுடையது, மற்றது பிறத்தி. அந்தப் பிறத்தியை உடம்பு கண்டுபிடித்துவிடாதபடி குளிசைதான் கண்ணைக் கட்டி வைத்திருக்கிறது. எண்பத்தேழில் கிழமைக் கணக்கில் ஊரடங்கு போட்டபோது குளிசைக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது எப்படியோ தாக்குப்பிடித்துவிட்டார்.

தொண்ணூறில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியதும் குருநகரை விட்டு ஓடி, கோப்பாயில் ஒரு தோட்டக்காரரின் வெங்காயக் கொட்டிலில் இருந்தோம். நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும், அம்மாவும் அண்ணையும். கடலில் இருந்த மனிதர் வெங்காயப் பாத்திக்கு நடுவில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்க இருப்பார். பாதை மூடிவிட்டார்கள். மருந்து வரவில்லை. வந்தாலும் ஒரு மாதத்துக்குத் தேவையானதில் கால்வாசிதான் வரும். அம்மா கத்தியால் குளிசையைப் பாதியாக வெட்டினார், பிறகு பாதியையும் பாதியாக வெட்டினார். அண்ணையின் முகம் மறுபடியும் காலையில் ஊதத் தொடங்கியது.

பழைய டொக்டர் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தார். அவரிடம் தனியே போய்க் கேட்டேன். "முழுசாய் ஒத்த கிட்னியாய் இருந்தால், இந்த அரைக் குளிசையோடை நிண்டிருக்குமோ?"

"அடிச்சுச் சொல்லேலாது. ஆனால் கூடக்காலம் நிண்டிருக்கும். இது பாதி. குளிசை குறைய, மற்றப் பாதியை உடம்பு பிடிச்சிட்டுது. இப்ப அடிக்குது."

"என்ரை ரத்தத்தை இன்னொருக்கா அனுப்புங்கோ" என்றேன்.

நோயாளிகளை ஏற்றிப்போகும் கப்பலில் என் இரத்தம் போனது. இந்த முறை பஞ்சில் சுற்றி, அதற்குமேல் என் கணவரின் பழைய சேட்டால் சுற்றினேன். கணவரிடம் முதல்நாளே விசயத்தைச் சொல்லியிருந்தேன். "இதென்ன கேள்வி? குடுக்கத்தானே வேணும். அண்டைக்கே குடுத்திருந்தாலும் நான் வேண்டாமெண்டு சொல்லியிருக்கமாட்டன்" என்றார். நான் அவரிடம் அன்று கேட்கவே இல்லை. தாய் சொன்னதை மகனும் சொல்வார் என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன்.

ஆறு கிழமையால் முடிவு வந்தது. டொக்டர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். இரண்டு கயிறும் ஒத்திருந்தன. அம்மாவிடமிருந்து எனக்கு வந்த கயிறுதான் அண்ணைக்கும் வந்தது. அப்பாவிடமிருந்து வந்ததும் அப்படியே. தாயின் கிட்னியோடு சண்டை பிடித்துப் பழகிவிட்ட உடம்பு என்றாலும், என்னுடையதில் அடிக்கப் பிறத்தியாக ஒன்றும் இருக்காது என்றார். கடிதத்தை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐஸ் வைக்கவேண்டாமெண்டு நான் அண்டைக்கு உமக்குச் சொன்னனானெல்லே?"

"ஓம் டொக்டர்."

அண்ணையையும் என்னையும் அடுத்த கப்பலில் ஏற்றும்படி ஒரு கடிதம் எழுதித் தந்தார். அவர் ஏசியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

கொட்டிலுக்கு வந்து சொன்னேன். அண்ணை கதிரையில் இருந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். வீங்கிய விரல்கள், தண்ணீர் கட்டிக் கனத்திருந்தன. "அப்ப முழுசாய் நீதான் நானோ?" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "பார் பிள்ளை, எங்கடை மீன்காரப் புத்தி செய்த வேலையை. ஐஸ் வைச்சுக் கெடுத்துப்போட்டம்." எங்கடை என்றார். கெடுத்துப்போட்டம் என்றார். என்னையும் அம்மாவையும் தன்னையும் ஒன்றாகச் சேர்த்துக் குற்றத்தை மூன்றாகப் பிரித்து, தன் பங்கையும் எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். 'இல்லை அண்ணை, எனக்குத் தெரியும்' என்று. சொன்னால் என் கிட்னி வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயந்தேன் என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் என் கையை விட்டுவிடுவார் என்றுதான் பயந்தேன்.

அம்மா கொட்டில் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். கப்பல் வரவில்லை. கடலில் சண்டை என்றார்கள், அடுத்த கிழமை என்றார்கள், பிறகு அதற்கடுத்த கிழமை என்றார்கள். மூன்றாவது கிழமை ஒரு மத்தியானம், தோட்டக்காரர் இறைப்பு மெசினை நிற்பாட்டிய நேரம், அண்ணை கதிரையிலேயே தலையைச் சாய்த்துவிட்டார். அவருக்கு முப்பத்து நாலு வயது. இரண்டு நல்ல கிட்னிகளோடு நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். கோப்பாயில் அன்று ஐஸ் கிடைக்கவில்லை. பின்னேரமே அடக்கம் செய்தோம்.

அதற்குப் பிறகு அம்மா தன் வலது கையை ஒரு வேண்டாத பொருள்போல வைத்துக்கொண்டிருந்தார். சோற்றுக்கு உப்புப் போடும்போது நிறுத்திவிட்டு, "இந்தக் கையாலைதானே" என்பார். நான், "விடுங்கோ அம்மா, ஆருக்குத் தெரியும்" என்பேன். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னேன். கிட்னி கொடுத்ததைப் பற்றி அவர் பிறகு வாய் திறக்கவில்லை. தழும்பை ஒருவருக்கும் காட்டவில்லை. டொக்டர் வேண்டாமென்று சொன்னதை மறந்தவள் நான்தானே என்று ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "மறக்கிறது மனுசருக்கு இயல்புதானே பிள்ளை. செய்தது நான்" என்று என் தலையைத் தடவிவிட்டார்.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது எல்லோரோடும் சேர்ந்து நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மூன்று குடும்பங்கள். வந்த மாதமே அம்மா பாயில் விழுந்தார். இனி எழும்பமாட்டார் என்று தெரிந்ததும் சுவாமியாரைக் கூட்டி வந்தோம். பாவசங்கீர்த்தனம் கேட்பதற்காக எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டிருந்தது. தான் சத்தமாகக் கதைப்பது அவருக்குத் தெரியாது. கதவோரத்தில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"சுவாமி, என்ரை ஒரே மகனை நான்தான் கொண்டனான். ஒருத்தரையும் கேளாமல், என்ரை இந்தக் கையாலை அள்ளிப் போட்டனான்."

சுவாமியார் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அம்மா அழுதுகொண்டே, "ஓம் சுவாமி, ஓம். செய்த பாவத்துக்கு மனஸ்தாபப்படுறன்" என்றார். பிறகு சுவாமியார் செபத்தைச் சொல்லி அம்மாவுக்குப் பாவமன்னிப்புக் கொடுத்தார். என் பாவத்துக்கு அம்மா மன்னிப்பு வாங்கிக்கொண்டார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவில்லை.